அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த பேச்சு

அப்பா மாநிலச் சபையில், கடல்தாண்டி வந்து குடியேறிய இந்தியர்களுக்கான அங்கத்தினர். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. வெள்ளைக்காரத் துரை நியமித்த பதவி. பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதையும் மாற்ற வேண்டாம் என்று மட்டுமே பேசினார்.

அவருக்குக் கை நடுக்கம் வந்தபிறகு, அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பது என் வேலையாயிற்று. நான் பெரியவளான வாரமே என் கான்வென்ட் படிப்பை நிறுத்தியவர் அவர்தான். ஆனால் அங்கே கற்ற கையெழுத்து மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தமிழ்ப் பெண்களுக்கு மேல்வகுப்பு கேட்டு வந்த மனுவை எதிர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"நம்ம பொண்ணுங்களே இதைக் கேக்கல, அதுங்களுக்கு அவ்வளவு படிப்பு ஏறவும் ஏறாதுன்னு எழுதும்மா."

எழுதினேன். வழக்கம்போல் அவர் இங்கிலீஷில் ஏகப்பட்ட பிழைகள். அப்படியே விட்டிருந்தால் துரைகள் சிரித்திருப்பார்கள். விட்டுவிடத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி, பேச்சு சொதசொதவென்றிருந்த இடங்களில் நல்ல வார்த்தைகளாகப் போட்டுக்கொடுத்தேன்.

மனு தள்ளுபடியாயிற்று. அன்று சாயங்காலம் அப்பா தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

"துரை அந்தத் தாளை வாங்கிப் பாத்தாரும்மா. இவ்வளவு அழகா யாரு எழுதினதுன்னு கேட்டாரு."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குற கிராணின்னு சொல்லிட்டேன். பொம்பளப் புள்ள எழுதுச்சுன்னா நம்பவா போறாரு?"

நம்பமாட்டார்தான். நம்பாதபடி எழுதிக்கொடுத்தவளே நான்தானே.