பெருவிரலால் வாங்கிய மெத்தை

என் தாய்மாமன் அந்த ரப்பர் மெத்தையைப் பெருவிரலால் ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அமுங்கின இடம் மெல்ல எழும்பி வந்ததும் "அடேங்கப்பா!" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், மெத்தையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. திருச்செங்கோட்டுச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து அரை நாள் மெனக்கெடுகிற மனுசன் அவர். கட்டின பெண்சாதியின் முதுகுக்கு மட்டும் ஒரு பெருவிரல் போதுமாயிருந்தது. இத்தனை வருசம் கழித்தும் அந்த விரலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமன் மனைவியான என் அத்தை, மாட்டுக் கொட்டகையில் சாணிக்கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவள். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் அது தொட்டிலாகக் குழிந்தது. பாயை விரித்துத் தரையில் படுத்தால் வலி உயிர் போனது. சேலத்து டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார்: "படுக்கை குழியவும் கூடாது, கல்லாட்டம் இருக்கவும் கூடாது. கெட்டி மெத்தையாப் பாருங்க. இல்லேன்னா இந்தம்மா நிமிரவே மாட்டாங்க." இலவம்பஞ்சை நன்றாகத் திணித்து ஒரு மெத்தை தைத்துவிடலாம் என்றாள் என் அம்மா. தன் அண்ணனின் கௌரவத்துக்கு இலவம்பஞ்சு போதாது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். சுதந்திரம் வந்த கையோடு சேலத்தில் ஒரு துரை சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பங்களாச் சாமான்களை விற்கிறார்கள், ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்த மெத்தைகூட இருக்கிறதாம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மாமன் சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். இங்கிலீசு பேச வேண்டிவந்தால் ஆகட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பள்ளிக்கூட வாத்தியார்.

பங்களாவில் இரண்டு மெத்தைகள் கிடந்தன. ஒன்று முழ உயரம், புசுபுசுவென்று இருந்தது. இன்னொன்று அதில் பாதிதான், ஆனால் கெட்டி. சாமான்களைக் காட்டிய பட்லர் விவரம் தெரிந்த கிழவர். நிதானமாகக் கேட்டார்: "யாரு படுக்கறதுக்குங்க ஐயா? மல்லாந்து படுப்பாங்களா, ஒருக்களிச்சா? இடுப்பு வலி, முதுகு வலி ஏதாச்சும் உண்டுங்களா?"

வலி இருக்கிறது, என் சம்சாரத்துக்கு என்று சொல்ல வேண்டியதுதானே? அதைச் சொல்வதற்குத்தானே பன்னிரண்டு மைலுக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு வந்தோம்? மாமன் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "எனக்குத்தானுங்க. வலியா? நமக்கென்ன வலி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அப்படியானால் உயரமானதே சுகமாக இருக்கும் என்றார் பட்லர். மெலிந்த மெத்தையைக் காட்டி, "இது துரைசானியம்மா படுத்ததுங்க. அவங்களுக்கு இடுப்புல ரொம்ப நாளாத் தொந்தரவு" என்று தானாகவே ஒரு வார்த்தை சேர்த்தார். அப்போதுதான் அந்தப் பெருவிரல் உயரமான மெத்தையின் மேல் இறங்கியது.

அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களில் பெண்டாட்டியின் பேச்சை வேற்று ஆளிடம் எடுக்க மாட்டார்கள். அவள் உடம்பு, அவள் இடுப்பு, அவள் எப்படிப் படுப்பாள் என்பதெல்லாம் வாயில் வந்தால் மானம் போய்விடுமாம். தூ! என்ன பொல்லாத மானம்? எட்டுப் பிள்ளை பெற்றவளை வலியில் புழுவாகத் துடிக்க விடும்போது போகாத மானம், பட்லரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுமா? போன மாசம் என் பேத்தியும் அவள் புருசனும் ஈரோட்டு மெத்தைக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தார்கள். "இவளுக்கு முதுகு வலிங்க, கெட்டியானதாக் காட்டுங்க" என்று அந்தப் பையன் கடைக்காரரிடம் சத்தமாகவே சொன்னான். கடை இடிந்து விழவில்லை.

மெத்தை ஊர் வந்து சேர்ந்ததும் முன்கூடத்துக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது. ஊரே வந்து அமுக்கிப் பார்த்தது. மாமனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ரெண்டு கெடந்துச்சு. கெட்டியா, ஒல்லியா இருந்ததை ஒதுக்கித் தள்ளிப்போட்டேன். துரைசானி இடுப்பு வலிக்காரியாமா, அவ படுத்தது நமக்கெதுக்குங்க?" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். உள்ளறையில் சுவரைப் பிடித்தபடி அத்தை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தபின் அத்தையை அதில் படுக்க வைத்தார்கள். புதைந்தே போனாள். இடுப்பு உள்ளே போய், காலும் தலையும் மேலே நின்றன. அலறியவளை இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "சீமைச் சாமான் இவளுக்கு ஒத்துக்கலீங்க. எல்லாத்துக்கும் குடுத்து வெச்சிருக்கோணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அன்று முதல் மாமனே அதில் கால் நீட்டினார். குறட்டை தெருவரை கேட்டது. அத்தை பழையபடி கயிற்றுக் கட்டிலுக்குப் போனாள். கெட்டி மெத்தை அதற்குள் வேறு யாருக்கோ விற்றுப் போயிருந்தது.

ஒரு வாரம் கழித்து நான் பார்க்கப் போனபோது அத்தை என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி, அந்தக் கெட்டி மெத்தையை நீ பாத்தியா?"

"பாத்தேனுங்கத்தை."

"அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. குழியலீங்க."

அவள் அழவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "அவருக்கு வாய் வராது சாமி. அது எனக்குக் கண்ணாலமான நாள்லயே தெரியும். படிச்ச பையன், உனக்கென்ன வந்துச்சு? எங்கத்தைக்குங்கன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமல்லோ?"

சொல்லியிருக்கலாம். மாமன் முகம் சுளிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். அவரை எவ்வளவு ஏசினாலும் அதில் பாதி என் மேலேயே விழத்தான் வேண்டும். எழுந்து வெளியே வந்தேன். அத்தை அதற்கப்புறம் பதினோரு வருசம் இருந்தாள். கடைசிவரை என்னிடம் பேசும்போதெல்லாம், குனிந்த முதுகோடு கழுத்தை மட்டும் தூக்கித்தான் என் முகத்தைப் பார்த்தாள்.