முப்பத்தைந்து மைல்

புது வண்டி வாங்கினவர்கள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். முதல் ஐந்நூறு மைல் பதமாக ஓட்ட வேண்டுமா, இல்லை புதுசிலேயே நன்றாக மிதித்து ஓட்டலாமா என்று. குன்னூரில் இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். “மெக்கானிக்கைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். தலைக்கனம் பிடித்த ஆள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் என் மனைவியும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்காவும் அத்தானும் சிலோனிலேயே இருந்தார்கள். இந்தியாவுக்கு வர அவர்களுக்குப் பேப்பர் வரவில்லை. அம்மா செத்த பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். என் கையில் ஒரு தொழில் இருக்கிறதென்றால் அது அவளால். அங்கே தோட்டத்து லாரி டிரைவரிடம் தினமும் போய் நின்று, “இவனுக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்கண்ணே” என்று கேட்டுக் கேட்டு, அந்த மனுஷர் அவள் தொல்லை தாங்காமல்தான் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

ஒருநாள், சிலோனிலிருந்து வருபவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமிலிருந்து கார்டு வந்தது. அக்கா யாரிடமோ சொல்லி எழுத வைத்திருந்தாள். “எங்களை மங்களூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். வியாழக்கிழமை பகல் பதினொன்றே முக்கால் வரைக்கும் ரயில் கோயமுத்தூரில் நிற்குமாம். வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.” அவ்வளவுதான். மங்களூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கே வந்துவிடுவாள், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பாள் என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கார்டை வைத்துக்கொண்டு அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அந்த வாரம்தான் எஸ்டேட்டின் உதவி மானேஜரான சின்னதுரைக்குச் சீமையிலிருந்து புதுக் கார் வந்திருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். ரேஸ் கார் மாதிரி, தரையோடு தரையாக இருக்கும். முதல் ஐந்நூறு மைலை மெதுவாக ஓட்டித் தரும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். துரைக்குப் பொறுமை கிடையாது. வியாழக்கிழமை லீவு கேட்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“லீவு எதுக்கு டிரைவர்? காரை எடுத்துட்டுப் போ. சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போ. மைலும் ஓடும், அக்காவையும் பாத்துடுவே. ஒண்ணு மட்டும். முப்பத்தஞ்சுக்கு மேலே முள்ளு போகக் கூடாது.”

நல்ல மனுஷர்தான். குறை சொல்லமாட்டேன்.

மனைவி விடியுமுன்னே எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாயும் வெங்காயமும் வைத்துக் கட்டச்சம்பல் இடித்துக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்குப் பிடித்தது. எட்டரைக்கே கிளம்பிவிட்டோம். காரின் பின்னால் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று எழுதிய அட்டை தொங்கியது; புது வண்டி, முந்திக்கொண்டு போங்கள் என்று அர்த்தம். லயத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். ராஜா ராணி என்று கேலி செய்தார்கள். மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் கட்டை ஏற்றிய லாரி குறுக்கே நின்றுவிட்டது. மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. கட்டையை இறக்கி, லாரியைத் தள்ளி ஓரங்கட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மேட்டுப்பாளையம் வந்தபோது மணி பதினொன்று ஐந்து. இன்னும் இருபத்திரண்டு மைல். நாற்பது நிமிஷம் இருக்கிறது. சமவெளி, நல்ல ரோடு. அந்தக் காருக்கு அறுபதெல்லாம் ஒரு வேகமே இல்லை.

நான் முப்பத்தைந்தில் ஓட்டினேன்.

“கொஞ்சம் மிதிச்சாத்தான் என்னாங்க?” என்றாள் மனைவி.

“இஞ்சின் புதுசு. உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு உக்காரணும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா.”

“தொர இங்கயா உக்காந்து பாக்குறாரு?”

“அவரு பாக்குறதுக்காகவா ஓட்டுறேன்?” என்று கத்தினேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நானே அப்படிச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எத்தனை வேகத்தில் போனேன் என்று அந்தக் காரில் எதுவும் காட்டிக்கொடுக்காது, மைல்தான் ஏறும். அது எனக்கு நன்றாகத் தெரியும். பயமே இல்லை. பெருமை. மற்ற டிரைவர்களை விட்டுவிட்டுச் சிலோன்காரன் கையில் புது இஞ்சினைக் கொடுத்திருக்கிறார், நான் ஓட்டின வண்டி என்று நாளைக்குப் பேர் சொல்ல வேண்டும் என்ற பாழாய்ப்போன பெருமை. போதாததற்கு, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம், ரயில் நேரத்துக்கா கிளம்பும் என்று ஒரு கணக்கு.

காரமடை தாண்டியதும் பின்னால் ஹாரன் கேட்டது. எங்களுக்குப் பின்னால் மலையில் மாட்டிக்கொண்டிருந்த குன்னூர் பஸ். நான் லீவு போட்டிருந்தால் அதில்தான் போயிருப்பேன். அட்டையில் எழுதியிருந்தபடி ஒதுங்கி வழிவிட்டேன். ஜன்னலெல்லாம் தலைகள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “ஏனுங்க, காரை ஓட்டறீங்களா, மேய்க்கறீங்களா?” என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. பஸ் போய்ப் புள்ளியாகி மறைந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதாவது மிதித்திருக்கலாம். மிதிக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே அந்த பஸ்ஸில் வந்தவர்கள் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓடினோம். மணி பதினொன்று ஐம்பது. பிளாட்பாரம் காலி.

டீத் தட்டு வைத்திருந்தவரிடம் கேட்டேன். “மங்களூர் வண்டிங்களா? இப்பத்தானுங்க போச்சு. சிலோன்காரங்க ஒரு பெட்டி நெறைய இருந்தாங்க. ஒரு அம்மா மட்டும் கீழ எறங்கி நின்னு, உள்ள வர்ற ஆளுக மூஞ்சியெல்லாம் பாத்துட்டே இருந்துச்சுங்க. ஏறும்மா ஏறும்மான்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க. வண்டி நகந்த பொறவுதானுங்க ஏறுச்சு.”

மனைவி ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வரும்போதும் முப்பத்தைந்துதான். இனிமேல் யாரைப் பார்க்க மிதிப்பது?

ஞாயிற்றுக்கிழமை சின்னதுரை வந்தார். இருநூற்று எண்பது மைல்தான் ஆகியிருந்தது. “போதும், கொண்டா” என்று சாவியை வாங்கிக்கொண்டார். ஊட்டி வரைக்கும் ஒரே மிதி மிதித்து, போன வேகத்தில் திரும்பி வந்து இறங்கினார். எழுபதைத் தொட்டதாம். நான் ஓடிப்போய்ப் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

“பயப்படாதே டிரைவர். புதுசுலயே நல்லா மிதிச்சாத்தான் ரிங் உக்காருமாம், ஃபிரண்டு சொன்னான். அந்த முப்பத்தஞ்செல்லாம் பழைய ஆளுங்க பேச்சு.” அப்புறம் ஞாபகம் வந்து கேட்டார். “அக்காவைப் பாத்தியா?”

“பாத்தேங்க” என்றேன்.

அக்காவுக்கு, வழியில் லாரி மறித்துக்கொண்டது என்று எழுதினேன். பொய்யில்லை. அதுதான் அதில் இருக்கிற அயோக்கியத்தனம். பதில் வந்தது: “உன் வேலை அப்படி, எனக்குத் தெரியாதா. மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. மழை விட்டதும் வா.” மழை விடவில்லை. காய்ச்சல் கண்டு ஆடி மாதத்திலேயே போய்விட்டாள். எனக்குத் தந்தி வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். பாவி நான், கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் காரைப் பல வருஷம் கழித்து ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒருமுறை பார்த்தேன். கைமாறி, ரிட்டயரான ஒருவரிடம் இருந்தது. நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். கார் வாசலில் நிற்க, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் ஆசையாகப் பேச்சுக் கொடுத்தார்.

“இருபத்தஞ்சு வருஷ வண்டிங்க இது. இன்னி வரைக்கும் இஞ்சினைப் பிரிச்சதே இல்லைங்க. புதுசுல யாரோ பதமா ஓட்டி வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியலை, அந்தக் கைக்குக் கும்பிடு போடணுமுங்க.”

என் முப்பத்தைந்தா, துரையின் எழுபதா, எது அந்த இஞ்சினைக் காப்பாற்றியது என்று யாருக்குத் தெரியும். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

“நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க” என்றாள் மனைவி, கொஞ்ச தூரம் போனதும்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.