பனிமூட்டத்தில் நின்ற பேருந்து

கிருசாந்தி டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலைத் தொழிற்சாலையொன்றில் பதினாறு வருடம் வேலை செய்தவள். முழங்கால் வலி பிடித்தபின் பேருந்து ஓட்டப் பழகி, கணவர் தவராஜாவோடு ஜெர்மன் எல்லையோரத்துக் குருசோவில் குடியேறினாள். சொண்டர்போரிலிருந்து ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்புர்க் வரை ஓடுவது அவளுடைய வண்டி. கடல் உள்ளே புகுந்து முடியும் இடத்தில் இருக்கும் அந்தப் பழைய துறைமுக ஊரில், ஒரு தெருவின் மேலே கம்பிகளில் நாடாவில் முடிச்சுப் போட்ட நூற்றுக்கணக்கான சோடிச் சப்பாத்துகள் தொங்கும். யார் எறிந்தார்கள் என்று அவள் கேட்டதில்லை.

வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இராணுவம் வைத்திருந்த அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டிருந்தது. தவராஜாவுக்குத் திரும்பிப்போக ஆசை. அவளுக்கு இல்லை.

ஒக்டோபரில் ஒரு காலை. எல்லை தாண்டியதும் வெள்ளைப் பனிமூட்டம் கண்ணாடியை மூடியது. தெருவை மறித்து அன்னங்கள் நின்றன. வண்டியை நிறுத்தினாள். ஒன்றும் தெரியவில்லை, வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது.

பின்னால் அன்னெமரீ இருந்தாள். ஃப்ளென்ஸ்புர்க்கில் டேனிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்த கிழவி, செவ்வாய்தோறும் வருபவள். உனக்கு எந்த ஊர் என்று கேட்டாள். வழக்கமாக ஒரு சொல்லில் முடிக்கிற கிருசாந்தி, அன்று காணிக் கதையையும் கணவரோடான இழுபறியையும் முழுவதும் சொன்னாள்.

அன்னெமரீ தன் தாத்தா, பாட்டியைப் பற்றிச் சொன்னாள். ஒருகாலத்தில் டேனிஷ் அரசரின் கீழ் இருந்த ஊர், 1864இல் நடந்த போருக்குப்பின் ஜெர்மனியர் கைக்குப் போனது. 1920இல் எந்த நாடு வேண்டுமென்று வாக்கெடுப்பு நடந்தது. தாத்தா டென்மார்க்குக்கும் பாட்டி ஜெர்மனிக்கும் வாக்குப் போட்டார்கள். ஜெர்மனி வென்றது.

"தாத்தா என்ன செய்தார்?"

"ஒரு பின்னேரம் முழுக்க அழுதார். பிறகு பிறந்தநாளுக்கெல்லாம் டேனிஷ் கொடி ஏற்றினார். அதை அயன் பண்ணிக் குடுத்தது பாட்டிதான்."

அன்னங்கள் விலகின. வண்டி இருபது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது.

அன்று பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் கணவருக்கு முன்னால் இருந்தாள்.

"நீங்கள் போங்கோ. நான் இங்க நிக்கிறன். கோவத்தில சொல்லேல்ல."

தவராஜா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "வருசம் முழுக்க அங்க இருக்க மாட்டன்," என்றார்.

இப்போது இங்கே குளிரான மாரி மாதங்களில் அவர் யாழ்ப்பாணத்தில் கிணறு இறைக்கிறார். ஏப்ரலில் திரும்பி வருகிறார். அவருடைய பயணப்பெட்டியை அடுக்கிக் கொடுப்பது கிருசாந்தி. அவர் இல்லாத காலைகளில் கடலோரமாக மெதுவாக ஓட்டுகிறாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் எந்த நாடென்று வெளிச்சம் வரும்வரை தெரிவதில்லை.