அக்காவுக்கு வைத்த எலும்புச் சாறு

அக்கா அவர்கள் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரது பொறுமையைப் பற்றி நான் நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். அவர் பொறுமைசாலிதான். எனக்குத்தான் அவர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

துறையூர்ப் பக்கம் பிறந்த அக்கா, மன்னாரில் கப்பலிறங்கி, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுவழி நடந்து இந்த மலைக்கு வந்தவர். அப்புத்தளையில் தேயிலைக் கொழுந்து பறித்தே என்னை ஆளாக்கினார். கைப்பிடித்த கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பெற்ற பிள்ளைகள் இரண்டும் தாய்ப்பால் போதாமல் மாதம் திரும்புமுன் தவறின.

அதற்குப் பிறகு, காம்பரா என்னும் ஒற்றை அறைகள் வரிசையாய் உள்ள எங்கள் லயத்தில் எவள் பிள்ளை பெற்றாலும் அக்காவின் சட்டி அடுப்பேறிவிடும். பச்சைத் தண்ணீரில் ஆட்டெலும்பைப் போட்டு, முதல் நுரையை வழித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, தணலைச் சாம்பலால் மூடிவிட்டு, விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவார். மாலையில் சாறு பதமாக இருக்கும். ஆறினால் நுங்குபோல் உறைய வேண்டும். உறையாவிட்டால் அது வெறும் சுடுதண்ணீர் என்பார்.

கறிக்கடைக்கார முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், சொல்வார்: "ஒங்கட அக்கா கறி கேட்டதே இல்ல தம்பி, எலும்புதான். கடை நாயெல்லாம் அவவக் கண்டா மொறைக்கிது."

போன மழைக்காலம் அக்கா காய்ச்சலில் படுத்தார். சத்து உள்ளே இறங்கினால்தான் பிழைப்பார் என்றார் தோட்டத்து மருந்துக்காரர். நானே சாறு வைத்தேன். அக்கா மோந்து பார்த்தார்.

"தளதளன்னு கொதிக்க விட்டுட்டியாடா? கலங்கிப்போச்சு."

"கலங்கினா என்னக்கா, குடிங்க."

"நீ முன்னால காவல் உக்காந்தா எப்படி எறங்கும்? போய் வெறகு எடுத்துட்டு வா."

எடுத்து வருவதற்குள் கிண்ணம் காலியாக இருக்கும். பதினைந்து நாள் இப்படியே. ஆனால் உடம்பு தேறவில்லை. எலும்பு சரியில்லை என்று நானாவிடம் சண்டைக்கே போனேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், அடுத்த காம்பராப் பெண் கைப்பிள்ளையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தச் சாறெல்லாம் எனக்குத்தான் குடுத்தாங்க. வேணாம்னாலும் விடல. புள்ளைக்குப் பால் ஊறணும், தம்பிகிட்ட மூச்சு விடாதேன்னாங்க."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு சட்டி வைத்திருப்பேனே. இங்கே எலும்பு கிடைக்காவிட்டால் பண்டாரவளைக்கு நடந்திருப்பேனே. என்னை அத்தனை தூரம் தூக்கி வந்தவருக்கு அதைக்கூட என்னிடம் கேட்கத் தோன்றவில்லை.

மருந்து கொடுத்தவருக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், என் வசவைப் பொறுத்துக்கொண்ட நானாவுக்கும் என் நன்றி. மறைக்காமல் வந்து சொன்ன அந்தப் பெண்ணுக்கும் நன்றி. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் பிள்ளை இப்போது தத்தி நடந்து என் வாசலுக்கு வருகிறது. தூக்கினால் நல்ல கனம். அக்காவைத் திட்டிக்கொண்டேதான் தூக்குகிறேன்.