கேத்தல் தண்ணீர் குடித்த மரங்கள்

வீட்டுக் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் உலக வழக்கம். வெளியில் கிடந்த குப்பையைப் பொறுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்குப் பெயர் மரம் என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து என் சித்தி ஒருவர்தான்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. வத்தேகமையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் ஒற்றைப் பையோடு மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடது கையில் பெரிய கட்டு.

"படியில வழுக்கிட்டேன்க்கா" என்றார்.

எனக்கு அங்கேயே குழப்பம் தொடங்கிவிட்டது. அந்த வத்தேகமை வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் ஒரே ஒரு படி, பூனைக்குட்டிகூட யோசிக்காமல் தாண்டிவிடும் உயரம். அதில் எப்படி விழுந்தால் கை முறியும் என்று எங்கள் வாசற்படியில் நானும் பலவிதமாக விழுந்து பார்த்தேன். முழங்கால் தோல்தான் போனது. சந்தேகத்தை அம்மாவிடம் கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. சித்தியிடம் மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா தச்சு வேலை செய்பவர். அப்போது டவுன் குளத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பெரிய வீட்டில் அவருக்கு வேலை. ஓய்வு பெற்ற சிங்கள மனிதர் ஒருவர் மாடி அறை முழுக்கப் பொம்மை ரயில் ஓட விட்டிருந்தார். சுரங்கம், பாலம், ஸ்டேஷன் எல்லாம் உண்டு. அதற்கான மேசைகளை அப்பாதான் செய்து கொடுத்தார். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா; அவரை நாங்கள் ரயில் மாத்தயா என்போம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் மரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பச்சைக் குடைகளாக இருக்கின்றன, நம் மலையில் எங்கே இப்படி மரம் இருக்கிறது என்று அவருக்குப் பெரிய மனக்குறை. அப்பா இதைச் சோறு தின்னும்போது வேடிக்கையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சித்தி மட்டும் எவ்வளவு உயரத்தில் வேண்டுமாம் என்று கேட்டார்.

மறுநாள் காலையில் அம்மாவின் துளசிச் சட்டியில் விதை முற்றிக் காய்ந்து நின்ற கிளையைச் சித்தி ஒடித்தார். தண்ணீர் கலந்த வெள்ளைக் கம்மில் முக்கினார். அப்பா பலகை ஒட்டுகிற கம். பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளை மேலே தூவி நிமிர்த்தி வைத்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மாமரம் நின்றது. குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் அதன் கீழே போய் உட்காரலாம் போலிருந்தது. அப்பா கொண்டுபோய்க் கொடுத்தபோது மாத்தயா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு ஒரு மலைக்குப் போதுமான மரம் கேட்டாராம்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மானாப்புல், பூளை, நாயுருவி, விதைக்கு விட்ட கொத்தமல்லி என்று காய்ந்தது எதையும் சித்தி விடுவதில்லை. எல்லாம் கொத்துக் கொத்தாக, தலைகீழாகக் கொடியில் தொங்கும். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துச் சலித்தால் சருகு. மெல்லிய கம்பியை முறுக்கிக் கடதாசி சுற்றிச் சாம்பல் பூசினால் அடிமரம். செய்த மரங்களை வாழைத்தண்டில் குத்தி முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பார். நான் சக்கை சலிப்பவள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் காடு செய்கிறோம் என்று சொல்வேன்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "புருஷன் வீட்டுக்குப் போற வழியைப் பாக்காம காஞ்ச குப்பையைக் கட்டிக்கிட்டு அழுவுறா. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" என்று பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி தினமும் கத்துவாள். கத்திவிட்டுச் சோறு போடும்போது பெரிய மீன் துண்டு சித்தி தட்டில்தான் விழும். அம்மா சித்தியோடு கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

சித்தப்பா எனக்குப் பிடித்தமானவர். மெதுவாகப் பேசுவார், வரும்போதெல்லாம் பால் டொபி கொண்டுவருவார். வாசலில் அவர் குரல் கேட்டதும் சித்தி கையில் இருக்கிற மரம் கீழே விழுந்துவிடும். பாசம் அதிகமானால் அப்படித்தான் ஆகுமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் தடவை அவர் கூப்பிட வந்தபோது அம்மாதான் பதில் சொன்னாள். "எடுத்த ஓடரை முடிச்சுக் குடுக்க வேணாமா தம்பி? மரம் காயட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

அடுத்த தடவை வந்தபோது சித்தியே, "கம் இன்னும் காயலை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பூசினால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடுகிற கம் அது. எனக்குப் பாடம் எடுத்ததே சித்திதான்.

மூன்றாம் தடவைக்கு முன் சித்தப்பாவின் அண்ணன் போன் செய்தார். கோயில் கமிட்டியில் பெரிய ஆள். அவர் ஒரு பேச்சுப் பேசினால் எங்கள் சொந்தத்தில் யாரும் மறுப்பதில்லை. வருகிற பௌர்ணமிப் போயாவுக்குத் தம்பியோடு வருகிறேன், மரம் காய்ந்திருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். அம்மா, "சரிங்கண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி மிச்ச மரங்களை முடித்தார்.

போயா அன்று நல்ல வெயில். நான் எழுந்ததும் முற்றத்துக்கு ஓடி ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் மொறுமொறுவென்று இருந்தன. உள்ளே சித்தி சேலைகளை மடித்து அந்த ஒற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த கை இன்னும் நேராக நீளவில்லை. நல்ல சேதியை முதலில் சொல்கிற ஆசையில், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"எல்லாம் காஞ்சிருச்சும்மா. சித்தி இன்னிக்குப் போயிரலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த கேத்தலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சாமிக்கு அபிஷேகம் செய்கிற நிதானத்தோடு, மரங்களின் தலையில் வரிசையாகத் தண்ணீர் ஊற்றினாள். இலைகள் சரிந்தன. கம் மறுபடி பாலாகி அடிமரம் வழியே வழிந்தது. சித்தி மாதக்கணக்கில் செய்த காடு கண்ணெதிரே கூழாகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேத்தல் காலியானதும் அம்மா அதைக் குழாயில் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் வந்தார்கள்.

"இன்னும் காயலைங்கண்ணே" என்றாள் அம்மா. "வேணும்னா தொட்டுப் பாருங்க."

சித்தப்பா தொட்டார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. "என்ன மதினி வெளையாடுறீங்களா?" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே ஏதோ கீழே விழுந்தது.

அம்மா பொய் சொல்வதைப் பொறுக்க முடியாமல், "காலையில காஞ்சுதான்..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீ போய்ச் சீனிப் போத்தலை எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

நான் போத்தலோடு வந்தபோது அந்தக் கமிட்டிப் பெரியவர் நனைந்த வாழைத்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்தார். கதவுத் திரைக்குப் பக்கத்தில் நின்ற சித்தியை, அவரது கையைப் பார்த்தார். அங்கேயே அவர் பார்வை வெகுநேரம் நின்றது.

"மழைக் காலம்" என்றார். "காயாதுதான்."

"அண்ணே..." என்றார் சித்தப்பா.

"காயாதுடா. காஞ்சதும் சொல்லி அனுப்புங்கம்மா. அதுவரைக்கும் இவன் இந்தப் பக்கம் வரமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தம்பியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார். எங்கே மழை, யாருக்குப் பைத்தியம் என்று நான் முற்றத்து வெயிலில் நின்று யோசித்தேன். மரம் காய்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டிலிருந்து இன்றுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சித்தி பையிலிருந்த சேலைகளை எடுத்து அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு மேலே அடுக்கினார். பிறகு இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து, கெட்டுப்போன மரங்களைக் கழித்துப் புதிதாகத் தொடங்கினார்கள். அதுவரை அந்தக் குப்பையைத் தொடாத அம்மா என் சல்லடையைப் பிடுங்கிச் சக்கை சலித்தாள்.

அம்மாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. பெரியவர்கள் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று பகல் முழுக்கப் பொறுத்திருந்துவிட்டுப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அம்மா, அது செத்த செடி. தண்ணி ஊத்துனாலும் வளராது."

அம்மா சலிப்பதை நிறுத்தினாள். "அப்படியா?" என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சே."

சித்தி சிரிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தார். ஒரு வழியாக அக்காவுக்கு அறிவு வந்துவிட்ட சந்தோஷம் என்று விளங்கிக்கொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.