என் வயிற்றில் ஐந்தருவி

ஒன்பதாம் வகுப்பில் நான் வாங்கிய ஒரே பட்டம் ஐந்தருவி. வயிற்றில் விழும் மடிப்புகளுக்காகக் கடைசி பெஞ்சுக்காரர்கள் மனமுவந்து வழங்கியது. குற்றாலத்து அருவிக்காவது சீசன் உண்டு. எனக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுந்தது, கண்ணில். வீட்டில் சொல்லவில்லை. விளையாட்டு பீரியட் உள்ள நாளில் காய்ச்சல் வரும். தென்காசியில் எந்த டாக்டருக்கும் பிடிபடாத காய்ச்சல்.

அடுத்த ஆனியில் சாரல் விழுந்ததும் அம்மாவின் தம்பி, என் மாமா, என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனார். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது பாவம் என்பது அவர் கட்சி. மெயினருவிக் கரையில் உள்ளங்கை நிறைய நல்லெண்ணெயோடு நின்று, "சட்டையக் கழத்துலே" என்றார்.

"சட்டையோடயே தேய்ங்க மாமா."

"ஏன், சூடு ஒனக்கா, ஒஞ்சட்டைக்கா?"

அப்போதுதான் பார்த்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைசி பெஞ்சு மொத்தமும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. ஒருவன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் போன்.

"ஏலே, ஐந்தருவி வந்திருக்கான். கழத்தட்டும், எண்ணி குரூப்புல போடுவோம்."

மாமாவின் விரல் என் முதல் பொத்தானில் இருந்தது. அருவியின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. ஓடலாம், ஆனால் நான் ஓடினால் அது இன்னும் நல்ல வீடியோ.

சட்டையை நானே உருவி எறிந்தேன். "நீங்க என்னத்துக்குலே கஷ்டப்படுதிய, நானே எண்ணுதேன்" என்று கத்திவிட்டு, குனிந்து ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்துக் காட்டி ஐந்து வரை எண்ணினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா எண்ணெய்க் கையோடு சிரித்தார். போன்காரன் சிரித்த சிரிப்பில் படம் எடுக்கவே மறந்துவிட்டான். "இவன் நம்ம பயலே" என்று பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தான்.

வீட்டில் மாமா அதை நடித்தே காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. அவர் வாங்கி வந்த பரோட்டாவை நான் தொடாமல் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு சரியில்லம்மா" என்று எழுந்து போய், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக் கண்ணாடி முன்னால் குனிந்து எண்ணினேன். மூன்றுதான் இருந்தது. அருவிக்கரையில் வாய்க்கு வந்தபடி ஐந்து எண்ணியிருக்கிறேன். மூச்சை விட்டு, இன்னும் குனிந்து மறுபடி எண்ணினேன். மூன்றேதான். நாளைக்கு வகுப்பில் எண்ணிக் காட்டச் சொன்னால் மானம் போய்விடுமே என்று பயம் வந்தது. வயிற்றைப் பிதுக்கி, மீதி இரண்டையும் வரவழைக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வெளியே அம்மா கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். நான்தான் ஜெயித்துவிட்டேனே, இவள் ஏன் இப்படித் தட்டுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.