கொள்ளி வைத்தவர்: இளைய மகன்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடம் இரண்டாவதோடு சரி. கையெழுத்துப் போடவே முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன், பேப்பர் படித்துப் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுத வந்தது. கீழ்பென்னாத்தூரில் அடுத்தவர் மிஷினில் மல்லாட்டை உடைத்த கை இது, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இன்றைக்கு எனக்கு இரண்டு எண்ணெய் மில், செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற லாட்ஜ் ஒன்று. ஒருத்தன் கைகொடுத்து நான் மேலே வரவில்லை. சாமிக்கே அப்புறம்தான் நன்றி சொல்வேன்.

இந்த மாதிரிக் கதைகளில் அமாவாசையும் நடு ராத்திரியும் வரும். எனக்கு நடந்தது காலை பதினோரு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த ஆபீசில். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

என் அண்ணன் மலேசியாவில் இறந்துபோனார். முப்பது நாள் முடிந்ததும் அவர் மகள் மாலதி அஸ்தியோடு வந்து இறங்கினாள். அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காபி குடித்து முடிப்பதற்குள் கேட்டாள்.

"சித்தப்பா, தாத்தாவ எந்த சுடுகாட்டுல எரிச்சீங்க? அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்து அப்பா அஸ்தியோட சேர்த்துக் கரைக்கணும்."

எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் போகவில்லை.

எங்கள் அப்பா இருந்த முக்கால் ஏக்கரையும் விற்று மூத்தவனைக் கப்பல் ஏற்றினார். எனக்கு மிஷின் வேலை. அந்தக் கோபத்தில் அவரோடு பேச்சே இல்லை. அவர் டவுனுக்கு வந்து ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாகக் கிடந்தார். தர்மாஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் மிஷினைக்கூட நிறுத்தவில்லை. "எல்லாம் மூத்தவனுக்குத்தானே குடுத்தாரு, தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறதும் மூத்தவன்தான். வந்து வைக்கட்டும் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஊர்க்காரர்களிடம் டவுனிலேயே எரித்துவிட்டதாகச் சொன்னேன். அண்ணனுக்கு, நானே கொள்ளி வைத்தேன், ஒரு குறையும் இல்லை என்று ஒருத்தரை வைத்துக் கடுதாசி எழுதிப் போட்டேன். ஐம்பது வருஷமாக அதுதான் உண்மை.

"பழைய சமாச்சாரம்மா, மறந்துபோச்சு" என்றேன்.

"பரவால்ல சித்தப்பா. நான் அங்கிருந்தே முனிசிபல் ஆபீசுக்கு எழுதிட்டேன். சுடுகாட்டுப் பழைய ரிஜிஸ்டர் இருக்காம், வரச் சொல்லிருக்காங்க."

"அதெல்லாம் கரையான் தின்னிருக்கும். வெயில்ல ஏன் அலையற?"

அவள் கேட்கவில்லை. அநாதைப் பிணம் என்று அதில் எழுதியிருக்கும், இந்தப் பெண் முன்னால் என் மானம் போகப்போகிறது என்று காரில் போகும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

கிளார்க் அம்மா தூசியைத் தட்டிப் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகப் படித்தார். "பொன்னுசாமி, வாட்ச்மேன். ஈசானிய லிங்கத்துப் பக்கத்துச் சுடுகாடு. கொள்ளி வைத்தவர், இளைய மகன் ஏழுமலை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானுங்களா? கைநாட்டு வச்சிருக்கீங்க பாருங்க."

பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் யாரோ இரக்கப்பட்டு ஒரு கைநாட்டும் வைத்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு குனிந்தேன். ரேகைக்குக் குறுக்கே, நகத்தடியிலிருந்து சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. என் வலது கட்டைவிரலில் அதே இடத்தில் அதே வெட்டு இருக்கிறது. மிஷின் பெல்ட்டில் மாட்டிக் கிழிந்தது.

அது கிழிந்தது, அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து.

மாலதி என் விரலைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கிளார்க் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அட, அந்தத் தழும்பு கூட அப்படியே விழுந்திருக்குதுங்க. அந்தக் காலத்து மசி பாருங்க" என்றார். பின்னால் ஒருத்தர் டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நேராகச் சுடுகாட்டுக்குப் போனோம். மண்ணை எடுத்து முடிந்துகொண்டவள் சட்டென்று என் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுங்க சித்தப்பா. மண்ணுக்காக மட்டும் நான் வரல. தம்பி போயிருக்க மாட்டான், அப்பா நாதியில்லாம எரிஞ்சிருப்பாருன்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. போய்ப் பார்த்துட்டு வான்னு கேட்டுக்கிட்டுதான் கண்ண மூடினாரு. உங்களத் தப்பா நினைச்சிட்டாரு."

ஆக, அண்ணன் ஒரு நாளும் என்னை நம்பவில்லை. நம்பாதவர் சரியாகத்தான் இருந்திருக்கிறார். 'இல்லம்மா, உங்கப்பன் சொன்னதுதான் நிஜம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, சித்தப்பாதான் வச்சிருக்காரு, ஆதாரம் இருக்கு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எழுத்தில் இருப்பதை என் வாய் எப்படிப் பொய்யாக்கும்? அந்தக் கைநாட்டை வைத்தது யாராக இருந்தாலும், அது என்னைக் காப்பாற்றியதா, என் வாயைக் கட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் போன பிறகு ஒரு மனை கிரயம் பண்ணப் போனேன். கைரேகை மிஷினில் வலது கட்டைவிரலை வைத்தால் எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், எண்ணெய் தடவி வைத்தேன், எடுக்கவில்லை. வயசானால் ரேகை தேய்ந்துவிடும் பெரியவரே என்று அங்கிருந்தவர் சொன்னார். சரிதான், எத்தனையோ பேருக்குத் தேய்கிறது.

மற்ற ஒன்பது விரலையும் அந்த மிஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.